கியர் பெட்டிக்கு வரும் காய்ச்சல்: ஆயில் கூலர் பொருத்தும் முறையும் குழாய் கட்டும் முறையும்



திருவெண்ணெய்நல்லூர் என்றதும் பெரியவர்களுக்குக் கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளல் நினைவுக்கு வருவார். சைவம் படித்தவர்களுக்கு 13ஆம் நூற்றாண்டில் சிவஞான போதம் தந்த மெய்கண்டார் நினைவுக்கு வருவார். அந்த நூலில் 12 சூத்திரங்கள். ஒவ்வொன்றையும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று பிரித்து விளக்கியிருக்கிறார் என்று எங்கள் ஊர்ப் பள்ளியில் தமிழ் ஐயா சொல்லிக் கொடுத்தார். நான் எழுத வந்தது தத்துவம் அல்ல, கியர் பெட்டி. ஆனாலும் அந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. என்ன செய்ய வேண்டும், ஏன் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றும் தெரிந்தால்தான் ஒரு வேலை நமக்கு முழுசாகத் தெரிந்தது என்று அர்த்தம்.

ஏன் இந்தத் தலைப்பு?

நம் பகுதியில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ஒரு மஞ்சள் வண்டி நிற்கும். அதன் சரியான பெயர் பேக்ஹோ லோடர். முன்னால் மண் அள்ளும் வாளி, பின்னால் தோண்டும் கை. ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு என்பவரின் கம்பெனி இங்கிலாந்தில் 1953ல் இந்த வகை வண்டியைக் கொண்டு வந்தது. இந்தியாவில் 1979 முதல் அரியானா மாநிலம் பல்லப்கரில் தயாராகிறது. அவர் பெயரின் முதல் எழுத்துகள்தான் ஜே.சி.பி. இன்றைக்கு எந்தக் கம்பெனி வண்டியானாலும் நம் ஜனங்களுக்கு அது 'ஜேசிபி'தான்.

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணையிலும் மலட்டாற்றிலும் வந்த வெள்ளத்தை நம் மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள். அரசூர் அருகே தேசிய நெடுஞ்சாலையிலேயே தண்ணீர் ஓடியது. இருவேல்பட்டு போன்ற ஊர்களில் வீடுகளுக்குள் சேறு புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு சேற்றை வாரவும், உடைந்த கரையை அடைக்கவும், வயலில் படிந்த மணலை எடுக்கவும் இந்த வண்டிகள்தான் வந்தன. அப்படிப்பட்ட வேலையில் வண்டிக்கு முதலில் கெடுவது எது தெரியுமா? எஞ்சின் அல்ல, கியர் பெட்டி எண்ணெய்தான்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வண்டி வைத்திருப்பவர் என்றால் பெரும்பாலும் கடன் வாங்கி வாங்கியவர். மணிக் கணக்கில் வாடகை. வண்டி ஒரு வாரம் நின்றால் ஒரு மாதத் தவணை ஆட்டம் காணும். ஆகவே கியர் பெட்டிச் சூடு என்பது வெறும் பாடப் புத்தகச் செய்தி அல்ல, ஒரு குடும்பத்தின் அடுப்பைத் தொடும் செய்தி.

சூடு எங்கிருந்து வருகிறது?

சாதாரண காரில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் கிளட்ச் தகடு இருக்கிறது. பேக்ஹோ லோடரிலும், ஆட்டோமேட்டிக் கார் பலவற்றிலும் அந்த இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. எண்ணெய் நிரம்பிய ஒரு உருண்டைப் பெட்டிக்குள் எதிரெதிராக இரண்டு விசிறிகள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒன்றை எஞ்சின் சுற்றும். அது வீசும் எண்ணெய் அடுத்ததைச் சுற்றும். நடுவில் உள்ள ஸ்டேட்டர் எண்ணெயின் போக்கைத் திருப்பி முறுக்கு விசையைக் கூட்டும். ஜெர்மனியில் கப்பல் எஞ்சின்களுக்காக உழைத்த ஹெர்மன் ஃபோட்டிங்கர் 1905ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். கடலில் பிறந்த கருவி இன்றைக்கு ஏரிக்கரையில் வேலை செய்கிறது!

இதில் இரும்பும் இரும்பும் பிடித்துக் கொள்வதில்லை. எண்ணெய்தான் தள்ளுகிறது. ஆகவே எப்போதும் கொஞ்சம் நழுவல் உண்டு. நழுவுகிற சக்தி எங்கும் போய்விடாது, எண்ணெயில் சூடாகத் தங்கும். இதைக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம்.

எஞ்சின் கன்வெர்ட்டருக்கு 40 கிலோவாட் கொடுக்கிறது என்று வைப்போம். கன்வெர்ட்டரின் திறன் 80 சதவீதம். மீதி 20 சதவீதம், அதாவது 8 கிலோவாட் சூடாகிறது. வீட்டில் வாளித் தண்ணீரில் போடும் 1000 வாட் ஹீட்டர் எட்டை ஒன்றாகப் போட்ட மாதிரி! சுற்றில் 16 லிட்டர் எண்ணெய் இருந்தால் எடை சுமார் 14 கிலோ. எண்ணெயின் வெப்ப ஏற்புத்திறன் கிலோவுக்கு, டிகிரிக்கு சுமார் 2 கிலோஜூல். ஆக, ஒரு டிகிரி ஏற 28 கிலோஜூல் போதும். 8 கிலோவாட் என்றால் மூன்றரை வினாடிக்கு ஒரு டிகிரி. குளிரூட்டலே இல்லையென்றால் 80 டிகிரியில் இருக்கும் எண்ணெய் 120 டிகிரியைத் தொட 140 வினாடி, அதாவது இரண்டரை நிமிடம் கூட ஆகாது.

இதைவிட மோசம் 'ஸ்டால்' நிலை. வாளியை மேட்டில் குத்தி, சக்கரம் நகராமல், டிரைவர் ஆக்சிலேட்டரை மிதித்துக் கொண்டே இருக்கிறார். அப்போது வெளியே போகும் வேலை பூஜ்யம். 40 கிலோவாட்டும் சூடுதான். அதே 40 டிகிரி ஏற 28 வினாடி! கியர் பெட்டியின் இரும்பும் கொஞ்சம் சூட்டை வாங்கிக் கொள்வதால் நடைமுறையில் இதைவிடச் சற்று மெதுவாக ஏறும். ஆனாலும் ஸ்டால் சோதனையைச் சில வினாடிகளுக்கு மேல் செய்யக் கூடாது என்று கையேடுகள் சொல்வது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?

சூடேறினால் எண்ணெய்க்கு என்ன ஆகும்?

சுமார் 80 டிகிரியில் எண்ணெய் தன் முழு ஆயுளுக்கு உழைக்கும். அதற்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது பணிமனைகளில் பழகி வரும் தோராயக் கணக்கு. 91 டிகிரியில் பாதி, 102ல் கால், 113ல் அரைக்கால், 124ல் பதினாறில் ஒரு பங்கு. எண்ணெய் கறுத்துக் கருகல் வாடை வந்தால் அதன் கதை முடிந்தது என்று பொருள். ஆயில் சீல் ரப்பர் கல் மாதிரி இறுகும். கிளட்ச் தகட்டின் முகம் கண்ணாடி போல் மழமழப்பாகிப் பிடிப்பு போகும். பிடிப்பு போனால் நழுவல் கூடும். நழுவல் கூடினால் சூடு கூடும். இது வட்டி குட்டி போடுகிற கணக்கு.

கூலர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

நோய் என்னவென்று பார்க்காமல் மாத்திரை போடக் கூடாது. கூடுதல் கூலர் போடுவதற்கு முன்னால் கீழ்க்கண்டவற்றைப் பார்த்துவிட வேண்டும்.

1. இருக்கிற கூலரின் தகடுகளுக்கு நடுவில் சேறு, வைக்கோல் தூசு, கரும்புச் சோகை அடைத்திருக்கிறதா? காற்று போகும் திசைக்கு எதிர்ப் பக்கத்திலிருந்து காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியைக் கிட்டத்தில் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிப் போகும்.

2. ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கிறதா? ஃபேன் உறை உடைந்திருக்கிறதா?

3. எண்ணெய் அளவு சரியா? குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். கூடினால் கியர் பற்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரையில் காற்று இருப்பதால் அழுத்தமும் நிற்காது, சூடும் இறங்காது.

4. கையேட்டில் சொன்ன எண்ணெய்தானா? ஃபில்டர் மாற்றி எவ்வளவு மணி ஆயிற்று?

5. பிரேக் ஒட்டிக் கொண்டு ஓடுகிறதா?

6. டிரைவர் எந்த கியரில் தள்ளுகிறார்? பாரம் தள்ளும்போது கீழ் கியரில் தள்ளினால் நழுவல் குறையும்.

இத்தனையும் சரியாக இருந்தும் சூடு அடங்கவில்லை என்றால்தான் கூடுதல் கூலர்.

காரில் எதற்குத் தேவை, எதற்குத் தேவையில்லை என்பதையும் சொல்லி விடுகிறேன். 2014ல் மாருதி செலேரியோவில் வந்த ஏ.எம்.டி. வகையில் டார்க் கன்வெர்ட்டர் கிடையாது. சாதாரண கியர் பெட்டிக்குக் கிளட்ச் மிதிக்கவும் கியர் போடவும் ஒரு இயந்திரக் கை வைத்த மாதிரிதான். அதற்கு இந்தக் கூலர் பேச்சே இல்லை. கரும்பு டிரெய்லர் இழுக்கும் சாதாரண டிராக்டருக்கும் கன்வெர்ட்டர் கிடையாது. கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக், சி.வி.டி. ஆகியவற்றுக்குத்தான் எண்ணெய்ச் சூடு பெரிய விஷயம்.

கூலர் வகைகள்

குழாயும் தகடும் வகை: வளைந்து வளைந்து போகும் ஒரே குழாய், அதன்மேல் தகடுகள். விலை குறைவு. அடைப்பு எடுப்பதும் சுலபம். ஆனால் சூடு இறக்கும் திறன் குறைவு.

தட்டும் தகடும் வகை: எண்ணெய் பல தட்டையான வழிகளில் பிரிந்து போகும். அதே அளவில் கூடுதல் சூட்டை இறக்கும்.

அடுக்குத் தட்டு வகை: தட்டுகள் அடுக்கடுக்காக ஒட்டப்பட்டிருக்கும். பலமானது, திறன் அதிகம். ஆனால் உள்ளே இரும்புத் துகள் போய்விட்டால் முழுசாகக் கழுவி எடுப்பது கஷ்டம். கியர் பெட்டி எரிந்து போன வண்டியில் பழைய கூலரை அப்படியே மாட்டினால், அதில் தங்கியிருக்கும் துகள் புதுக் கியர் பெட்டியையும் தின்றுவிடும். அந்த மாதிரி நேரத்தில் கூலரை மாற்றி விடுவதே மேல்.

பொருத்தும் முறை

முதலில் பாதுகாப்பு. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். வாளி தரையில் இருக்க வேண்டும். கை பிரேக், சக்கரத்துக்கு முட்டு, சாவி நம் பையில். எண்ணெய் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகுதான் எதையும் அவிழ்க்க வேண்டும்.

கூலரை எங்கே வைப்பது? காற்று எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் தெரிய வேண்டும். சில வண்டிகளில் ஃபேன் காற்றை உள்ளே இழுக்கும், சிலவற்றில் வெளியே தள்ளும். எஞ்சின் ஓடும்போது கிரில்லுக்கு வெளியே, ஃபேனுக்குத் தூரமாக ஒரு காகிதத் துண்டைக் காட்டினால் தெரிந்துவிடும். ரேடியேட்டரைக் கூலர் உரசக் கூடாது. அரை அங்குலத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும்.

கூலரின் வாய் மேல் பக்கமாகவோ, பக்கவாட்டிலோ இருக்க வேண்டும். பக்கவாட்டில் என்றால் கீழ் வாயில் எண்ணெய் உள்ளே, மேல் வாயில் வெளியே. காரணம், காற்று மேலே ஏறும். எண்ணெய் கீழிருந்து மேலே வந்தால் காற்றையும் தள்ளிக் கொண்டு வந்துவிடும். வாயைக் கீழ் நோக்கி வைத்தால் மேலே காற்று தங்கி, பாதிக் கூலர் சும்மா நிற்கும்.

கூலரைப் பிடிக்க இரும்புத் தாங்கி செய்து, ரப்பர் புஷ் வைத்து போல்ட் போட வேண்டும். கூலரோடு வரும் பிளாஸ்டிக் டேக்கைத் தகடுகளுக்கு நடுவே குத்தி ரேடியேட்டரோடு கட்டுகிற பழக்கம் உண்டு. தார் ரோட்டில் ஓடும் காருக்கே அது தாங்காது. ஏரிக்குள் இறங்கும் வண்டிக்குச் சொல்லவே வேண்டாம். அதிர்வில் டேக் அரம் மாதிரி வேலை செய்து குழாயை அறுத்துவிடும்.

எந்தக் குழாயில் சேர்ப்பது? கியர் பெட்டியிலிருந்து இரண்டு குழாய்கள் வரும். ஒன்று சூட்டைக் கொண்டு போவது, மற்றது ஆறிய எண்ணெயைத் திருப்பிக் கொண்டு வருவது. ஆறிப் போன வண்டியை ஸ்டார்ட் செய்து வெப்பமானித் துப்பாக்கியால் பார்த்தால் முதலில் சூடேறுவது போகிற குழாய். புதுக் கூலரைப் பழைய கூலருக்குப் பிறகு, திரும்பி வருகிற குழாயில் வரிசையாகச் சேர்க்க வேண்டும். முதல் கூலர் இறக்கிய சூட்டுக்கு மேல் இது இன்னும் இறக்கும். ரேடியேட்டருக்குள்ளேயே கூலர் உள்ள காரிலும் இதே வரிசைதான்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். பல கியர் பெட்டிகளில் கூலரிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் நேராகத் தொட்டிக்குப் போவதில்லை. கிளட்ச் தகடுகளுக்கும் பேரிங்குகளுக்கும் மசகாகப் போய், பிறகுதான் தொட்டிக்கு வருகிறது. ஆகவே இந்தக் குழாய் மடங்கினாலோ, உள்விட்டம் குறைந்தாலோ பேரிங் பட்டினி கிடக்கும். புதுக் குழாயின் உள்விட்டம் பழையதற்குக் குறையவே கூடாது. எல்போவும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

குழாய்: இங்கேதான் உயிர் இருக்கிறது

சென்ற விடுமுறையில் நான் பயிற்சிக்குப் போன பணிமனைக்கு ஒரு பேக்ஹோ லோடர் இழுத்து வரப்பட்டது. "சூடானா நகர மாட்டேங்குது, ஆறினா கொஞ்சம் நகருது" என்று டிரைவர் அண்ணன் சொன்னார். ஏற்கனவே எங்கேயோ கூடுதல் கூலர் போட்டிருந்தார்கள். கூலர் நல்ல கூலர்தான். குழாய்தான் தப்பு. டீசலுக்குப் போடும் ஓஸைப் போட்டு, சட்டத்தின் விளிம்பு மேலேயே விட்டு, பிளாஸ்டிக் டேக்கால் கட்டியிருந்தது. சூட்டில் ஓஸ் உப்பிப் போய், சட்டத்தில் உரசின இடத்தில் நூல் தெரிந்தது. கடைசியில் வரப்பு இல்லாத மொட்டை நிப்பிளிலிருந்து வழுக்கிக் கழண்டுவிட்டது. எண்ணெய் முழுக்க வயலில். டிரைவர் அண்ணன் வண்டியை மேட்டுக்கு ஏற்றிவிடலாம் என்று ஓட்டியிருக்கிறார். அதற்குள் கிளட்ச் தகடுகள் கருகிவிட்டன. சில நூறு ரூபாய் ஓஸில் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு சீசன் சம்பாத்தியம் போயிற்று.

மேஸ்திரி அண்ணன் அன்றைக்குச் சொன்னார்: "தம்பி, கூலர் போடறது அரை மணி நேர வேலை. ஓஸ் போடறதுதான் நாள் முழுக்க வேலை. அவசரப்படவே வாணாம்." கையேடு முழுக்க ஆங்கிலம். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். எனக்கே பாதி வார்த்தைக்கு அகராதி வேண்டும். நான் வரி வரியாகப் படித்துத் தமிழில் சொல்ல, "ஆமாம், அதான் நான் கைல பார்த்தது" என்று அவர் சொல்வார். அவர் கையில் இருந்ததும் கையேட்டில் இருந்ததும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் நான் கற்றுக் கொண்டவற்றைக் கீழே வரிசையாகத் தருகிறேன்.

ஓஸ் தேர்வு: கார்களின் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக் கூலருக்கென்றே எஸ்.ஏ.இ. ஜே1532 என்ற தரம் இருக்கிறது. எஸ்.ஏ.இ. ஜே30 என்று அச்சிட்டது எரிபொருள் ஓஸ். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி கறுப்பாக இருக்கும். அச்செழுத்தைப் படித்துத்தான் வாங்க வேண்டும். கனரக வண்டிகளில் கம்பி வலை வைத்த ஹைட்ராலிக் ஓஸ் போடுவார்கள். அதில் சாதாரண 100ஆர்1 தரம் 100 டிகிரி வரைக்கும்தான். அழுத்தம் தாங்கும், சூடு தாங்காது! நம் எண்ணெய் 120 டிகிரியைத் தொடக் கூடியது என்று மேலே கணக்குப் போட்டோம். ஆகவே கூடுதல் சூடு தாங்கும் ஓஸ் என்று கேட்டு வாங்க வேண்டும்.

முனை: ஓஸ் கடையில் இரும்பு முனையை மெஷினில் வைத்து பிரஸ் பண்ணித் தருவார்கள். கனரக வண்டிக்கு அதுதான் சரி. ஆனால் முனையில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஜே.ஐ.சி. முனையின் சரிவு 37 டிகிரி. பி.எஸ்.பி. முனையின் சரிவு ஒரு பக்கத்துக்கு 30 டிகிரி. மரைக் கோணமும் வேறு. ஜே.ஐ.சி.க்கு 60 டிகிரி, பி.எஸ்.பி.க்கு 55 டிகிரி. சில அளவுகளில் ஒன்றின் நட் மற்றொன்றில் இரண்டு மூன்று சுற்று ஏறிவிடும். ஏறினது என்று இறுக்கினால் மரை போகும், எண்ணெயும் கசியும். பழைய முனையைக் கையில் எடுத்துக் கொண்டு போய்ப் பொருத்திப் பார்த்தே வாங்க வேண்டும்.

டெஃப்லான் டேப்: சரிவு முனையிலும், ஓ-ரிங் முனையிலும் டேப் சுற்றக் கூடாது. அங்கே அடைப்பது மரை அல்ல, முகம்தான். பிய்ந்த டேப் நூல் வால்வுக்குள் போய் மாட்டினால் கியர் விழாது.

இரண்டு ஸ்பேனர்: நட்டை ஒரு ஸ்பேனரால் இறுக்கும்போது கூலரின் வாயை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக் கொள்ள வேண்டும். கூலர் அலுமினியம். ஒற்றை ஸ்பேனரால் முறுக்கினால் வாயே பிடுங்கிக் கொண்டு வரும்.

காரில் கிளிப் போட்டு மாட்டும்போது: ஓஸைக் கூரான பிளேடால் நேராக வெட்ட வேண்டும். ரம்பம் போட்டால் தூள் உள்ளே போகும். நிப்பிளில் வரப்பு கட்டாயம் இருக்க வேண்டும். அதே எண்ணெயை லேசாகத் தடவி, வரப்பைத் தாண்டி ஓஸ் நன்றாக உள்ளே போகும் வரை தள்ள வேண்டும். கிளிப் வரப்புக்குப் பின்னால், ஓஸின் நுனியிலிருந்து சற்று உள்ளே உட்கார வேண்டும். வரப்பின் மேலேயே கிளிப் போட்டால் அது ஓஸை வெட்டும். ரப்பர் பிதுங்கும் அளவுக்கு இறுக்கக் கூடாது. ஒரு முறை நன்றாகச் சூடேறி ஆறின பிறகு மறுபடி ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

முறுக்கு: ஓஸின் நீளத்துக்கு ஒரு அச்சுக் கோடு ஓடும். மாட்டின பிறகு அந்தக் கோடு நேராக இருக்க வேண்டும். பாம்பு மாதிரி சுற்றியிருந்தால் ஓஸ் முறுக்கிக் கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நட்டைத் தளர்த்தி நேராக்கி மறுபடி இறுக்க வேண்டும்.

நீளம்: ஹைட்ராலிக் ஓஸ் அழுத்தம் ஏறும்போது 4 சதவீதம் வரை நீளம் குறையலாம். எஞ்சினும் தன் மவுண்டிங்கில் ஆடும். ஆகவே விறைப்பாக இழுத்து மாட்டக் கூடாது. கொஞ்சம் தளர்வு வேண்டும். அதற்காகத் தொங்கவும் விடக் கூடாது. வளைவு, ஓஸ் கம்பெனி சொன்ன ஆரத்துக்குக் குறையக் கூடாது.

பிடிமானம்: ரப்பர் உறை போட்ட இரும்புப் பி-கிளிப்பை ஓர் அடி முதல் ஒன்றரை அடிக்கு ஒன்றாகச் சட்டத்தோடு போல்ட் போட வேண்டும். ஆடுகிற பாகத்திலிருந்து ஆடாத பாகத்துக்கு ஓஸ் போகும் இடத்தில் மட்டும் கிளிப் இல்லாமல் அசைய இடம் விட வேண்டும். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் கிராமெட் கட்டாயம். உரச வாய்ப்புள்ள இடத்தில் பழைய ஓஸைப் பிளந்து மேலுறையாகச் சுற்றலாம். ஃபேன், பெல்ட், ஸ்டியரிங் பாகங்கள் எதற்கும் பக்கத்தில் போகக் கூடாது.

நெருப்பு: சைலன்சர் குழாய்க்கும் டர்போவுக்கும் மேலே எண்ணெய்க் குழாய் போகவே கூடாது. முழுப் பாரத்தில் டர்போ உறை 500 டிகிரிக்கு மேல் போகும். கியர் எண்ணெய் அதன் மேல் தெளித்தால் தீக்குச்சி தேவையில்லை. கேபினில் இருப்பது ஒரு மனுஷன் என்பதை மறக்கக் கூடாது. வேறு வழியே இல்லை என்றால் நடுவில் வெப்பத் தடுப்புத் தகடு வைக்க வேண்டும்.

சோதனை

எண்ணெய் நிரப்பும்போது புதுக் கூலரும் புதுக் குழாயும் குடிக்கும் அளவையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். மேலும் கீழுமாக ஊற்றாமல், கொஞ்சம் ஊற்றி, எஞ்சினை மெதுவாக ஓட விட்டு, மறுபடி அளவு பார்க்க வேண்டும். சில கியர் பெட்டிகளில் எஞ்சின் ஓடும்போது சூடான எண்ணெயில் அளவு பார்க்க வேண்டும். சிலவற்றில் நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். இதில் யூகம் வேண்டாம், கையேடுதான் நீதிபதி.

கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. கூலர் குழாயில் அழுத்தம் குறைவுதான். ஆனால் பக்கத்திலேயே போகும் ஹைட்ராலிக் குழாயில் அழுத்தம் மிக அதிகம். ஊசி முனை ஓட்டையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே எறும்பு கடித்த மாதிரிதான் தெரியும். உள்ளே சதை அழுகும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். ஒரு அட்டையைக் காட்டிப் பாருங்கள். கசிவு இருந்தால் அட்டையில் கறை விழும்.

பிறகு ஒரு மணி நேரம் உண்மையான வேலை கொடுத்து, சூடான நிலையில் ஒவ்வொரு இணைப்பையும் பார்க்க வேண்டும். சூடு காட்டும் மீட்டர் பொருத்துவதாக இருந்தால், கன்வெர்ட்டரிலிருந்து வெளியே வரும் குழாயில் பொருத்துவது நல்லது. அங்கேதான் எண்ணெய் உச்ச சூட்டில் இருக்கும். முதல் நாள் வேலை முடிந்ததும், பிறகு முதல் வாரம் முடிந்ததும் கிளிப்புகளையும் அளவையும் பார்க்கச் சொல்லி டிரைவரிடம் சொல்லி அனுப்ப வேண்டும்.

வடித்த பழைய எண்ணெயை ஏரியிலோ வாய்க்காலிலோ ஊற்றுவது பாவம் மட்டுமல்ல, சட்ட விரோதமும் ஆகும். 2016ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிகளில் பழைய எண்ணெயும் அடக்கம். தனி டின்னில் சேர்த்து, அங்கீகாரம் உள்ளவர்களிடம் கொடுக்க வேண்டும்.

நாங்கள் வேலை பார்த்த அந்த வண்டிக்குத் தகடுகள் மாற்றி, புதுக் கூலரை ரப்பர் புஷ்ஷில் உட்கார வைத்து, பிரஸ் பண்ணின ஓஸும் பி-கிளிப்பும் போட்டு அனுப்பினோம். மதியம் முழுக்க மண் தள்ளியும் நிற்கவில்லை என்று மறு வாரம் செய்தி வந்தது. மேஸ்திரி அண்ணன் சிரிக்கவில்லை. "மறுபடி வந்து கிளிப்பைக் காட்டச் சொல்லு" என்றார்.

வாய்மொழித் தேர்வுக்குப் போகும் தம்பி தங்கைகளுக்குச் சில கேள்விகள்

1. ஸ்டால் நிலையில் டார்க் கன்வெர்ட்டரின் திறன் எவ்வளவு? எஞ்சின் சக்தி எங்கே போகிறது?

2. புதுக் கூலரை ஏன் திரும்பி வரும் குழாயில் சேர்க்கிறோம்?

3. கூலரின் வாய் ஏன் கீழ் நோக்கி இருக்கக் கூடாது?

4. 100ஆர்1 ஓஸ் அழுத்தம் தாங்கியும் ஏன் இங்கே போதாது?

5. ஜே.ஐ.சி., பி.எஸ்.பி. முனைகளின் வேறுபாடு என்ன?

6. கசிவை ஏன் கையால் பார்க்கக் கூடாது?

இந்த ஆறுக்கும் காரணத்தோடு பதில் சொன்னால் தேர்வில் மார்க் கிடைக்கும். அதைவிட, நாளைக்கு ஒரு பணிமனையில் உங்கள் கையை நம்பி ஒரு வண்டிக்காரர் தன் வண்டியை விட்டுப் போவார். ஒரு பி-கிளிப்பை விட்டுவிட்டால் அன்றைக்கு யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் கழித்து ஏதோ ஒரு வயலில் அவருக்குத் தெரியும். ஆகவே நண்பர்களே, கடைசிக் கிளிப் வரைக்கும் போடுவோம்!



(ஆட்டோமொபைல் பிரிவு மாணவர்)